அரைவாசி மருந்து

ஊர் முழுக்க நல்ல மனிதர் என்று சொல்கிற ஒருவரில் கோபம் வைத்திருப்பது லேசான வேலை இல்லை. யாரிடமும் சொல்லி ஆற முடியாது. வாயைத் திறந்தால், "உனக்கு நன்றி இல்லையோ" என்று கேட்பார்கள். அதனால் இத்தனை வருடமும் வாயை மூடிக்கொண்டே கோபப்பட்டிருக்கிறேன். இப்போது எனக்கும் வயது போய்விட்டது. யார் என்ன கேட்டாலும் கேட்டுவிட்டுப் போகட்டும். அவருடைய பெயரை மட்டும் எழுதமாட்டேன். பெயரைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிடுகிற ஆட்கள் வட்டக்கச்சியில் இன்னும் இருக்கக்கூடும். அவர்களுக்கு நான் ஏன் வேலை வைக்கவேண்டும்?

ஐம்பதுகளின் நடுவில், குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆட்கள் நாங்கள். காடு வெட்டின அடிக்கட்டைகள் வளவுக்குள் அப்படியே நின்ற காலம். அவர் எங்களுக்கு அடுத்த காணி. நெடுத்த, ஒடிசலான மனிதர். தோளில் எப்போதும் ஒரு சால்வை. எதையும் அளந்து பார்க்கவேண்டுமென்றால் இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்ப்பார். தராசு அவருக்குப் பிடிக்காது. "தராசைக் கொண்டுவந்தால் மனிசரில நம்பிக்கை இல்லையெண்டு அர்த்தம்" என்பார். பங்கு போடுவதென்றால் ஊருக்கு அவர்தான்.

தீபாவளிக்கு நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு ஆடு அடித்துப் பங்கு போடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். வெட்டுவது யாராகவும் இருக்கலாம், பிரிப்பது அவர். வாழையிலைகளை வரிசையாக விரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு எலும்பு, ஒரு கொழுப்பு, கொஞ்சம் சதை என்று வைத்துக்கொண்டு வருவார். ஈரலை நகமளவு துண்டாக நறுக்கி எல்லாக் குவியலுக்கும் போடுவார். பிறகு ஒற்றைக் கண்ணால் பார்த்து, இங்கே ஒரு துண்டை எடுத்து அங்கே வைப்பார். எல்லாம் முடிந்ததும் யாரையாவது மறுபக்கம் திரும்பி நிற்கச் சொல்லி, ஒரு குவியலைத் தொட்டு, "இது ஆருக்கு?" என்று கேட்பார். திரும்பி நிற்பவர் ஒரு பெயரைச் சொல்லவேண்டும். அவருடைய பெயரை மட்டும் கடைசிவரைக்கும் சொல்லக்கூடாது என்பது அவரே வைத்த சட்டம். மிஞ்சிக் கிடப்பதுதான் அவருக்கு.

எனக்கு முதலில் இது பெரிய விஷயமாகத்தான் பட்டது. பொய் சொல்லவில்லை. வாய்க்காலில் தண்ணீர் முறை வரும்போதும் அப்படித்தான். எல்லோருடைய வயலும் நனைந்த பிறகுதான் தன் மடையைத் திறப்பார். அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவா மட்டும் சிரித்துக்கொண்டு சொல்லுவா: "பாத்துக்கொண்டிரு தங்கச்சி, ஒருநாளைக்கு என்னையும் வெட்டி நாலு வீட்டுக்குப் பிரிச்சுக் குடுத்திடும் இந்த மனிசன்." அப்போது நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஒரு மாரிக்கு வெள்ள நிவாரணம் என்று கம்பளி வந்தது. வந்த கம்பளி எல்லா வீட்டுக்கும் காணாது. யாருக்குக் கொடுப்பது, யாருக்கு விடுவது என்று ஆட்கள் குரலை உயர்த்தத் தொடங்க, அவர் ஒரு கத்தரிக்கோலை வாங்கி எல்லாக் கம்பளியையும் நடுவால் வெட்டினார். எனக்கும் பாதி கிடைத்தது. தலையை மூடினால் கால் வெளியே, காலை மூடினால் தலை வெளியே. அந்த மாரி முழுக்க ஊரில் ஒருத்தருக்கும் குளிர் விடவில்லை. ஆனால் ஒருத்தரும் குறை சொல்லவுமில்லை. "எல்லாருக்கும் ஒரே குளிர்தானே" என்று சந்தோஷமாகக் கதைத்தார்கள். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்கவேண்டிய விஷயம் அது. சில சாமான்களைப் பாதியாக்கினால் பாதி கிடைக்காது, ஒன்றுமே கிடைக்காது. ஊரில் ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை, கத்தரிக்கோல் பிடித்த ஆளுக்குச் சுத்தமாக உறைக்கவில்லை.

அடுத்த மாரியில் நெருப்புக்காய்ச்சல் வந்தது. டொக்டர்மார் தைபோயிட் என்பார்கள். வெள்ளம் கிணறுகளுக்குள் இறங்கி, எல்லாத் தண்ணீரும் ஒரே தண்ணீராகிப் போயிருந்தது. முதலில் விழுந்தது அவருடைய மகள். அவருக்கு அவள் ஒருத்திதான். இரட்டைப் பின்னலும் ஓயாத வாயுமாக எங்கள் வளவுக்குள் ஓடித்திரிவாள். என் மகனுக்கும் அவளுக்கும் ஒரே வயது, பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. அவள் படுத்துக் கொஞ்ச நாளில் என் மகனுக்கும் உடம்பு கொதிக்கத் தொடங்கியது. என் மனிசன் அப்போது மாங்குளத்தில் மரம் ஏற்றுகிற வேலைக்குப் போயிருந்தவர். றோட்டெல்லாம் வெள்ளம், வர வழியில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து நான்தான் மருந்துச்சாலைக்குப் போனேன்.

மருந்துச்சாலையில் இருந்தவர் அப்போதிக்கரி. பெரிய டொக்டர் படிப்புப் படிக்காவிட்டாலும் எங்களுக்கு அவர்தான் டொக்டர். பிள்ளையின் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமத்திப் பார்த்தார். "இதுவும் அதே காய்ச்சல்தான். இப்பதான் தொடங்குது" என்றார்.

"பெனிசிலின் போடுங்கோ டொக்டர்" என்றேன். எங்களுக்குத் தெரிந்த பெரிய மருந்து அது ஒன்றுதான். புண் என்றாலும் சளிக்காய்ச்சல் என்றாலும் அந்த ஊசியைப் போட்டால் ஆள் எழும்பிவிடும்.

"அது இந்தக் கிருமியை ஒண்டும் செய்யாது பிள்ளை. இதுக்கு வேற மருந்து. குளோரம்பெனிக்கோல் எண்டு குளிசை. என்னட்டை இப்ப ஒரு ஆளுக்குக் காணுற அளவுதான் கிடக்கு. அது உங்கட பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு. அவளுக்குக் காய்ச்சல் முத்திப்போச்சு. றோட்டுத் திறந்த உடன யாழ்ப்பாணத்திலயிருந்து எடுப்பிச்சுத் தாறன். அதுவரைக்கும் தண்ணியைக் கொதிக்கவைச்சுக் குடுங்கோ. கஞ்சித் தண்ணி குடுங்கோ. ஈரத்துணியால உடம்பைத் துடையுங்கோ. இவன் தாங்குவான்."

"தாங்குவான்" என்ற சொல் என் காதில் ஏறவில்லை. வாசற்படியில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். மகளின் மருந்தை எடுக்க வந்த அவர் மழைக்குள் சாக்கைத் தலையில் போட்டபடி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. இதைத் திருப்பித் திருப்பிச் சொல்லுவேன்: நான் கேட்கவில்லை.

பின்னேரம் வேலியடியில் வந்து கூப்பிட்டார். சால்வைத் தலைப்பில் முடிந்திருந்த குளிசைகளை என் கையில் தந்தார்.

"டொக்டர் தந்துவிட்டவர். அலுமாரிக்குப் பின்னால இன்னொரு குப்பி கிடந்ததாம்."

நான் அவருடைய காலில் விழுந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது. அந்த மனிதரின் வாயிலிருந்து அதற்கு முன் ஒரு பொய் வந்து நான் கேட்டதில்லை. எப்படி நம்பாமல் இருப்பது?

குளிசை பயங்கரக் கைப்பு. கூட்டுக்குள் இருந்தாலும் உடைந்து நாக்கில் பட்டால் பிள்ளை ஓங்காளித்துத் துப்பிவிடுவான். சர்க்கரையைக் காட்டி, மூக்கைப் பிடித்து விழுங்க வைத்தேன். சில நாட்களில் காய்ச்சல் இறங்கியது. பிள்ளை கண்ணைத் திறந்து, "பசிக்குதம்மா" என்றான். அங்கே அவளுக்கும் இறங்கிவிட்டதாக அக்கா வேலிக்கு மேலால் கத்திச் சொன்னா. குளிசை முடிந்துவிட்டதே என்று நான் கேட்டதற்கு, "காய்ச்சல்தான் விட்டிட்டுதே, இனிப் போதும்" என்றார் அவர். பிள்ளைகள் இரண்டும் வேலியின் இரண்டு பக்கத்திலும் நின்று கதைத்தார்கள். பின்னல் அவிழ்ந்து, கன்னம் ஒட்டி, ஆனால் அவளுடைய வாய் மட்டும் பழையபடி ஓடிக்கொண்டிருந்தது.

தண்ணீர் வடிந்து, றோட்டுத் திறக்கத் தொடங்கிய நேரத்தில் காய்ச்சல் திரும்பி வந்தது. இரண்டு பேருக்கும். முந்தியதை விட மோசமாக.

அப்போதிக்கரி சைக்கிளில் வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து அன்றைக்குத்தான் வந்து இறங்கிய மருந்து அவருடைய பையில் இருந்தது. முதலில் என் வீட்டுக்கு வந்தார். பிள்ளையைப் பார்த்துவிட்டு, "இடையில காய்ச்சல் விட்டதோ? தன்பாட்டில விட்டதோ?" என்று கேட்டார்.

"நீங்கள் தந்துவிட்ட குளிசையாலதான் விட்டது."

"நான் என்ன தந்துவிட்டனான்?"

"அலுமாரிக்குப் பின்னால கிடந்த குப்பி."

அப்போதிக்கரி என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அவர் அங்கேதான் நின்றார், வேலியில் நட்ட கதியால் தடி ஒன்றைப் பிடித்துக்கொண்டு.

"நான்தான் பிரிச்சனான்" என்றார். "வாற வழியில, பாலத்தடியில வைச்சு. ரெண்டு பேருக்கும் சரிசமனாகத்தான் பிரிச்சனான் டொக்டர்."

சரிசமனாகவாம். அந்த வார்த்தையை அவர் சொன்ன விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஈரலை நறுக்கியதைப் பற்றிச் சொல்கிற மாதிரியே சொன்னார்.

அப்போதிக்கரி கத்தின கத்து வாய்க்கால் கரை வரைக்கும் கேட்டிருக்கும். "பெனிசிலின் எண்டாலும் பரவாயில்லை, அது தனக்கு அடங்குற கிருமியின்ர சுவரை உடைச்சுக் கொல்லுற மருந்து. இது அப்பிடியில்லை ஐயா! கிருமி உயிரோட கிடக்கவும் பெருகவும் தனக்குள்ள ஒரு குசினி வைச்சுச் சமைக்குது. இந்த மருந்து அந்தக் குசினியைப் பூட்டுறது, அவ்வளவுதான். கிருமி சாகாது, பெருகாமல் கிடக்கும். கிடக்கிறதை உடம்புதான் ஆறுதலாகக் கொல்லவேணும். அதுக்குத்தான் இத்தனை நாளைக்கு எண்டு கணக்குப் போட்டுத் தாறது. நீங்கள் பாதி வழியில பூட்டைத் திறந்து விட்டிருக்கிறியள். ஒரு வீட்டில இல்லை, ரெண்டு வீட்டிலயும்!"

அக்கா தங்கள் அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தா. மகளின் மருந்து பாதியாகத்தான் வீட்டுக்கு வந்தது என்று அவாவுக்கும் அப்போதுதான் தெரியும்.

"கண்ட காய்ச்சலுக்கும் இதைத் தாங்கோ எண்டு ஆக்கள் என்னோட சண்டைக்கு வருகினம்" என்று அப்போதிக்கரி இன்னும் கத்திக்கொண்டிருந்தார். "நான் குடுக்கிறேல்லை. ஏன் தெரியுமோ? இது சில பேருக்கு எலும்புக்குள்ள ரத்தம் ஊறுற இடத்தையே வத்தப்பண்ணிப்போடும். அப்பிடிப்பட்ட மருந்து. காசநோய்க்காரருக்குப் போடுற ஊசியால காது கேளாமல் போன ஆளை நான் கண்டனான். இதுகளெல்லாம் விளையாட்டுச் சாமான் இல்லை. ஆருக்கு, எவ்வளவு, எத்தனை நாளைக்கு எண்டு பாத்துத்தான் தாறது. பந்தியில பாயாசம் விடுறமாதிரி ஆளுக்கு அரை அகப்பை விட ஏலாது!"

பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் ஒன்று சொன்னார். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். "இவனுக்கு அப்ப தொடக்கம்தானே பிள்ளை. றோட்டுத் திறக்குமட்டும் தாங்கியிருப்பான் எண்டுதான் நினைக்கிறன். அவளுக்குத்தான் உடன முழுக்க வேணுமாயிருந்தது."

இரண்டு பேருக்கும் முழு மருந்து தொடங்கினார்கள். என் மகனுக்குக் காய்ச்சல் படிப்படியாக இறங்கியது. அவளுக்கு மறுநாள் மத்தியானம் திடீரென்று வயிறு பலகையாக இறுகிவிட்டது. தொட விடாமல் கத்தினாள். பிறகு கத்தாமலும் விட்டாள். குடல் ஓட்டையாகிவிட்டது, இதுக்கு இனிக் குளிசை இல்லை, பெரிய ஆஸ்பத்திரியில் வெட்டித்தான் பார்க்கவேணும் என்றார் அப்போதிக்கரி. மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, கிளிநொச்சி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். ஸ்டேஷன் வரைக்கும் அவள் இருக்கவில்லை.

செத்தவீட்டுக்கு ஊரே வந்தது. என்ன கதைத்தார்கள் தெரியுமா? "தன்ர பிள்ளையின்ர மருந்தை எடுத்து அயலட்டைப் பிள்ளைக்குக் குடுத்த மனிசன். இப்பிடி ஒரு தருமவான் இனிப் பிறப்பானோ?" ஒருவர் கர்ணன் என்றார். இன்னொருவர் அவருடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினார். அவர் முற்றத்தில் மரம்போல நின்றார். கூரைக்குக் கீழே அந்தப் பிள்ளை கிடக்கிறாள், இவர்கள் தகப்பனுக்குப் பட்டம் கொடுக்கிறார்கள்! கர்ணன் கொடுத்தது தன்னுடைய கவசத்தை. மகளின் கவசத்தைக் கழற்றியா கொடுத்தான்? அங்கேயே கேட்டிருப்பேன். அக்காவின் முகத்தைப் பார்த்தேன், என்னால் கேட்க முடியவில்லை. அவா என்னைப் பார்க்கவேயில்லை. என் மகனைப் பெற்ற வயிற்றைப் பார்த்தா.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த கையோடு அக்கா ஒரு பெட்டியுடன் யாழ்ப்பாணத்துக்கு, தாய் வீட்டுக்குப் போய்விட்டா. புருஷனுக்கு ஒரு வார்த்தை ஏசவில்லை, ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. திரும்பி வரவேயில்லை.

அதற்குப் பிறகு அவர் ஊருக்கு இன்னும் பெரிய மனிதராகிப் போனார். வழக்குத் தீர்க்க அவர், வாய்க்கால் திறக்க அவர், கோயிலில் முதல் காளாஞ்சி மரியாதை அவருக்கு. என் மனிசன் கூட அவரைக் கண்டால் சால்வையை இடுப்பில் கட்டுவார். "எங்கட பிள்ளையின்ர உயிர் அவர் தந்தது" என்பார். எனக்குப் பத்திக்கொண்டு வரும். பொய்யைச் சொல்லி என்னை அந்தக் களவில் கூட்டாளியாக்கின மனிதர் அவர். மருந்து யாருடையது என்று தெரிந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? வாங்கியிருப்பேனோ, திருப்பிக் கொடுத்திருப்பேனோ, எனக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்கிற உரிமையையும் அவரே எடுத்துக்கொண்டுவிட்டார்.

அதோடும் விட்டாரா? தினமும் காலையில் வேலியடிக்கு வந்துவிடுவார். "பெடியன் சாப்பிட்டானோ?" "பெடியன் இருமினமாதிரிக் கேட்டுது." "பெடியனை வெயிலுக்குள்ள விடாதை தங்கச்சி." பழுத்த பப்பாசி, ஒரு முட்டை, பாலைப்பழக் காலத்தில் ஒரு சிரட்டை பாலைப்பழம் என்று ஏதாவது கையில் இருக்கும். பிள்ளையை ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். இறைச்சிக் குவியலைப் பார்க்கிற அதே பார்வை. பிள்ளையை அவருக்குத் தெரியாமல் வீட்டுக்குப் பின்னால் விளையாட விட்டேன். அங்கேயும் வந்து எட்டிப் பார்ப்பார்.

அடுத்த வருடம் வாய்க்காலில் தண்ணீர் திறந்தபோது பெடியன்களெல்லாம் மதகிலிருந்து குதித்துக் குளித்தார்கள். என் மகனும் போனான். கொஞ்ச நேரத்தில் ஈர உடம்போடு அலறிக்கொண்டு ஓடிவந்தான். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

"ஆர்ரா அடிச்சது?"

"பக்கத்து வீட்டு மாமா. தண்ணிக்குள்ளயிருந்து வெளியில இழுத்துப்போட்டு அடிச்சவர். என்ர உயிர் எனக்கு மட்டும் சொந்தமில்லையாம்."

அவர் பிள்ளைக்குப் பின்னாலேயே வந்து படலையைத் திறந்துகொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. வாய்க்கால் கரையில் நின்ற ஆட்களும் என்னவோ ஏதோ என்று பின்னால் வந்துவிட்டார்கள்.

நான் முற்றத்தில் இறங்கினேன்.

"அண்ணை, இது என்ர பிள்ளை."

"ஓம் தங்கச்சி."

"இவனில உங்களுக்கு ஒரு பங்கும் இல்லை. உங்களிட்டை நான் கேட்டனானோ? உங்கட பிள்ளையின்ர மருந்தில பாதியைத் தாங்கோ எண்டு நான் ஒரு சொல்லுக் கேட்டனானோ? அக்காவைக் கேட்டனீங்களோ? அவளைக் கேட்டனீங்களோ, அந்தப் பிள்ளையை? ஆரைக் கேட்டுப் பிரிச்சனீங்கள்?"

"எடி பிள்ளை, அவரை அப்பிடிக் கேக்காதை. பாவம் வரும்" என்று படலைக்கு வெளியே நின்ற ஒருவர் சொன்னார்.

அவர் திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தி அந்த மனிதரை அடக்கினார். "அவளை விடுங்கோ" என்றார். பிறகு என்னைப் பார்த்தார், இரண்டு கண்ணாலும்.

"ஏசு தங்கச்சி. நல்லா ஏசு. அவள் செத்த நாளிலயிருந்து ஒருத்தரும் என்னை ஏசேல்லை. அவளின்ர தாயும் ஏசாமல் போயிட்டாள். எல்லாரும் என்னைக் கும்பிடுகினம். நான் ஆரிட்டைப் போய் ஏச்சு வாங்குறது?"

எனக்கு அதற்குப் பிறகு ஏச்சு வரவில்லை. கைதான் வந்தது. அவருடைய கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டேன். என்னை விட எத்தனையோ வயது மூத்த மனிதர், ஊர் கும்பிடுகிற மனிதர். படலைக்கு வெளியே ஒரு பெண் "ஐயோ" என்று தலையில் கையை வைத்தாள்.

"ஓம்" என்றார் அவர். "ஓம் தங்கச்சி."

அப்படியே முற்றத்து மண்ணில் குந்தினார். செத்தவீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர், என் வீட்டு வாசலில் இருந்து மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பத் திரும்பக் கூப்பிட்டு, மண்ணில் அடித்து அழுதார். அவரைத் தூக்கிவிட ஆட்கள் ஓடி வந்தார்கள். "ஒருத்தரும் அவரைத் தொடாதையுங்கோ, அழ விடுங்கோ" என்று நான் கத்தினேன்.